கட்டுச்சோறு

பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு



இன்னும் சில நாள்களில் நம் பங்கிலிருந்து வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை புறப்படுகிறது. ஆகஸ்ட் 29 மாலை கொடியேறும்போது மாதாவின் முன்னால் நிற்க வேண்டும் என்று நாள் குறித்தாயிற்று. காவித் துணி எடுத்தாயிற்று. தேர் வண்டிக்கு ஜோடனைகூடத் தொடங்கிவிட்டது. பெயர் கொடுக்க வந்தவர்களில் பலர் இந்த வாரம் என்னிடம் ஒரே கவலையைத்தான் சொன்னார்கள். ஒருவர், “சாமி, எனக்குச் சர்க்கரை. வழியில கிடைக்கிறதத்தான சாப்பிடணும், சமாளிச்சிடுவேனா?” என்றார். சிறுநீரகக் கோளாறுக்காக உப்பைக் குறைத்து உண்ணும் ஒரு தாய், தம் மகளுடன் வந்திருந்தார். அவர் சொன்னது இது: “வீட்ல இருக்கிற வரைக்கும் ஒழுங்காத்தான் சாமி இருக்கேன். வாசப்படி தாண்டினா மனசு நிக்க மாட்டேங்குது.”

வாசப்படி தாண்டினால் மனசு நிற்பதில்லை. எவ்வளவு உண்மையான வார்த்தை! வீட்டில் பத்தியம் காப்பது ஓரளவுக்கு எளிது. அடுப்பும் உப்பு ஜாடியும் நம் கையில் இருக்கின்றன. சாப்பிடும் நேரமும் நம்முடையது. வெளியே கிளம்பிவிட்டால் எல்லாம் அடுத்தவர் கைக்குப் போய்விடுகிறது. பேருந்து நிற்கிற கடையில் புரோட்டாவும் சால்னாவும்தான் இருக்கும். கல்யாணப் பந்தியில் இலையில் முதலில் வந்து விழுவது இனிப்பு. உறவினர் வீட்டில் சர்க்கரை போட்ட காபி கேட்காமலே வரும். இத்தனைக்கும் மேலே, பாசத்தோடு ஒரு குரல் கேட்கும்: “ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது!” அடுத்த நாளும் அதே குரல்தான், அடுத்த ஊரிலும் அதே குரல்தான். ஆறு நாள் நடையில் ஆறு தடவை அந்த ‘ஒரு நாள்’ வந்துவிடும்.

இப்படி மனசு நிற்காமல் போன ஒரு பயணியைத்தான் இன்றைய முதல் வாசகம் நமக்குக் காட்டுகிறது. எலியா சாதாரண மனிதர் அல்லர். கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் அத்தனை பேருக்கு முன்னால் தனி ஆளாக நின்று வென்றவர். அப்படிப்பட்டவர் அரசி ஈசபேலின் மிரட்டலைக் கேட்டு உயிருக்கு அஞ்சி ஓடுகிறார். பெயேர்செபாவில் தம் பணியாளரை விட்டுவிட்டு, ஒரு நாள் பயணத் தொலைவு பாலைநிலத்துக்குள் தனியாகப் போகிறார். கையில் உணவு இல்லை, பேச்சுத்துணைக்கு ஆளும் இல்லை. ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, இனி வாழ்ந்தது போதும் என்று மன்றாடிவிட்டுப் படுத்துவிடுகிறார்.

ஆண்டவர் அவருக்கு என்ன செய்தார்? நேற்று இருந்த துணிச்சல் எங்கே என்று கேட்கவில்லை. மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்று அறிவுரை சொல்லவும் இல்லை. வானதூதரை அனுப்பித் தொட்டு எழுப்பினார். தலைமாட்டில் தணலில் சுட்ட ஓர் அப்பம், ஒரு குவளைத் தண்ணீர். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். வானதூதர் இரண்டாம் முறையும் வந்து தொட்டார். போக வேண்டிய தூரம் அதிகம், அதற்காகச் சாப்பிடு என்றார். அந்த உணவின் வலிமையில் எலியா 40 பகலும் 40 இரவும் நடந்து, கடவுளின் மலையாகிய ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்த அப்பத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். அதில் விருந்தின் மணம் கிடையாது. தொட்டுக்கொள்ள எதுவும் இருந்ததாக வாசகம் சொல்லவில்லை. ஆனால் ஓரேபுவரை அது தாங்கியது. நம் பாட்டிமார் இதை நன்றாக அறிந்தவர்கள். அந்தக் காலத்தில் தொலைதூரம் போகிறவர்களுக்கு எதைக் கட்டிக் கொடுத்தார்கள்? வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்தாலும் மூட்டைக்குள் போனது புளிச்சோறுதான். புளியும் நல்லெண்ணெயும் மஞ்சளும் சேர்ந்தால் இரண்டு நாள் ஆனாலும் கெடாது என்று அவர்களுக்குத் தெரியும். கட்டுச்சோற்றில் என்ன இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்தது நாக்கு அல்ல, போகிற தூரம். இன்று உங்களிடம் நான் சொல்ல வந்ததும் இதுதான். மருத்துவர் எழுதிக் கொடுத்த பத்தியத்தைத் தண்டனையாக நினைக்காதீர்கள். நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதுவரை தாங்குவதற்கு உங்களுக்கென்று கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு அது.

நற்செய்தியில் இயேசுவைப் பார்த்து மக்கள் முணுமுணுத்தார்கள் என்று கேட்டோம். அது பாலைநிலத்தில் அவர்களுடைய மூதாதையரிடம் தொடங்கிய பழைய முணுமுணுப்பு. காலைதோறும் மன்னா கிடைத்தது. ஆனாலும் எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதார்கள். அங்கே செங்கல் அறுத்ததும் முதுகில் வாங்கிய அடியும் அவர்கள் நினைவுக்கு வரவில்லை. நாக்கின் ஞாபகசக்தி இப்படித்தான். பிடித்த பண்டத்தின் ருசியைப் பத்து வருடம் ஆனாலும் சொல்லும். அதைத் தின்ற இரவில் மருத்துவமனை வராந்தாவில் குடும்பமே உட்கார்ந்திருந்ததைச் சொல்லாது. ஆகவே பயணத்தில் ஆசை தலைதூக்கும்போது, ‘இது எவ்வளவு ருசியாக இருந்தது’ என்று நினைக்கிற மனத்திடம், ‘அதற்குப் பிறகு என்ன நடந்தது’ என்பதையும் கேளுங்கள். பாதி ஞாபகம்தான் நம்மை ஏமாற்றுகிறது.

விவிலியத்தில் ஒரு பெண், பயணத்தில் பத்தியம் காப்பது எப்படி என்று நமக்குச் செய்தே காட்டியிருக்கிறார். அவர் யூதித்து. பகைவனான ஒலோபெரினின் பாளையத்துக்குப் புறப்பட்ட அன்று, வழிபாடு செய்தார், நல்லாடை உடுத்தினார், அதோடு ஒரு பையையும் கட்டினார். திராட்சை இரசம், எண்ணெய், வறுத்த தானியம், அத்திப்பழ அடை, தூய அப்பம், இவற்றுக்குத் தேவையான பாத்திரங்கள். அத்தனையையும் பணிப்பெண் சுமந்துகொண்டு கூடவே நடந்தாள். ஒலோபெரின் தன் பந்தியிலிருந்தே உணவு கொடுக்கச் சொன்னான். யூதித்து தாம் கொண்டு வந்ததே போதும் என்றார். அது தீர்ந்துபோனால் என்ன செய்வாய் என்று அவன் கேட்டான். அது தீரும் முன்னே ஆண்டவர் தம் காரியத்தை முடிப்பார் என்றார். நான்காம் நாள் விருந்திலும், பணிப்பெண் ஆயத்தம் செய்ததைத்தான் அவனுக்கு முன்னால் உண்டார்.

அந்தப் பந்தியில் யூதித்து உறுதியாக இருந்தார் என்று நாம் வியக்கிறோம். அந்த உறுதி பந்தியில் பிறந்ததல்ல, புறப்படும் முன் வீட்டிலேயே பையில் கட்டப்பட்டது. பசியோடு பந்தியில் உட்கார்ந்துகொண்டு, வெறும் மன உறுதியை வைத்துப் பிரியாணியோடு சண்டை போட முடியாது, பிரியமானவர்களே. பசிக்கும் முன்னே கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஆகவே நடைப்பயணம் வருகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வறுத்த கொண்டைக்கடலையோ பொட்டுக்கடலையோ, உங்கள் உடம்புக்கு எது ஆகும் என்று மருத்துவர் சொன்னாரோ அதை, ஒரு நாளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி வையுங்கள். மன்னாவும் அன்றன்றைக்கு உள்ள அளவாகத்தான் கிடைத்தது. அன்றாட உணவை அன்றன்று கேட்கத்தானே ஆண்டவர் நமக்குக் கற்றுக்கொடுத்தார்! ஆறு நாளையும் ஒரேயடியாக நினைத்து மலைக்க வேண்டாம். இன்றைய பொட்டலத்தை இன்று உண்மையாக உண்டால் போதும்.

பை கட்டியாயிற்று. ஆனாலும் வழியில் அடுத்தவர் அன்போடு நீட்டுகிறார்களே, அவர்கள் முகம் கோணாமல் எப்படி மறுப்பது? அதிலும் ஆண்டவரே தம் சீடர்களை அனுப்பும்போது, வைப்பதை உண்ணச் சொல்லியிருக்கிறாரே? இந்தக் கேள்வி என்னையும் வாட்டியது உண்டு. அதே இடத்தில்தான், வீட்டுக்கு வீடு மாறிக்கொண்டு இருக்க வேண்டாம் என்றும் அவர் சொல்கிறார். இன்னும் வசதியான வீடு, இன்னும் நல்ல சாப்பாடு என்று தேடி அலையும் மனத்தைத்தான் அவர் தடுத்தார். நோயாளி தன் உடம்புக்கு ஆகாததை மறுப்பதை அவர் தடுக்கவில்லை. இதை நான் கற்றுக்கொண்டது புத்தகத்திலிருந்து அல்ல.

எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்த முதல் வருடம். கிளைக் கிராமங்களில் வீடு மந்திரிக்கப் போயிருந்தேன். முதல் வீட்டில் டீ. அடுத்த வீட்டில் கேசரி. அதற்கடுத்த வீட்டில், எனக்காகவே வாங்கி வைத்ததாகச் சொல்லி ஒரு பாட்டில் கலர். ஏழைகள், ஆசையாய்க் கொடுக்கிறார்கள், மறுத்தால் மனம் நோகும் என்று நினைத்து எதையும் மறுக்கவில்லை. உண்மையில் அவர்கள் மனத்தைவிட, என் நோயை வெளியே சொல்லக் கூச்சப்பட்டதுதான் காரணம். சாயங்காலத்துக்குள் வாய் வறண்டு, கண் மங்கி, ஜெபம் சொல்லும்போது வரி தவறியது. கூட வந்த உபதேசியார் கவனித்துவிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் நாங்கள் போன முதல் வீடு, ஊர்க்கோடியில் ஒரு பாட்டியின் குடிசை. திண்ணையில் சாணம் மெழுகிய ஈரம் காயவில்லை. பாட்டி ஒரு பித்தளைச் செம்பைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே மோர். நசுக்கிய இஞ்சியும் கிள்ளிப்போட்ட கறிவேப்பிலையும் மேலே மிதந்தன. “சாமிக்குச் சர்க்கரைன்னு உபதேசியார் ராத்திரியே வந்து சொல்லிட்டுப் போனாரு. வேற எதுவும் நான் வைக்கல. குடிங்க” என்றார். அன்று எந்த வீட்டிலும் டீ வரவில்லை. எல்லா வீட்டிலும் மோர்தான். ஒரு முகம்கூட வாடவில்லை. நான் பயந்து மறைத்த உண்மையை ஒருவர் எடுத்துச் சொன்னதும், ஊரே எனக்குத் துணையாகிவிட்டது.

இளைஞர் தானியேலும் இப்படித் தம் நிலையை மறைக்காமல் எடுத்துச் சொன்னார். பாபிலோன் அரண்மனையில் அரசனின் உணவு வேண்டாம் என்று அவர் தட்டைத் தள்ளிவிடவில்லை. பொறுப்பாளரிடம் போய்ப் பணிவாகக் கேட்டார். பத்து நாள் எங்களுக்குக் காய்கறியும் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். மறைக்கவும் இல்லை, மற்றவர் உணவைப் பழிக்கவும் இல்லை. நாமும் போகும் வீட்டுக்கு முந்தின நாளே ஒரு போன் போட்டு, “எனக்கு இனிப்பு ஆகாது, இரண்டு இட்லி போதும்” என்று சொல்லிவிடலாம். அது அவமரியாதை அல்ல. இலை போட்ட பிறகு மறுத்தால்தான் பரிமாறுகிறவருக்குச் சங்கடம்.

இன்றைய இரண்டாம் வாசகத்தில் பவுலடியார், மனக்கசப்பை நீக்கி, ஒருவருக்கு ஒருவர் நன்மை செய்து பரிவு காட்டச் சொல்கிறார். பத்தியம் இருப்பவர்களுக்கு இது மிகவும் தேவையான வார்த்தை. எல்லோரும் சாப்பிடும்போது நமக்கு மட்டும் இல்லையே என்ற ஏக்கம் மெல்ல மெல்லக் கசப்பாக மாறும். பிறகு அடுத்தவர் இலையைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அந்தக் கசப்பு வந்துவிட்டால் பத்தியம் அதிக நாள் நிற்காது. பக்கத்தில் இருப்பவர் ருசித்துச் சாப்பிடுவதைப் பார்த்து மகிழக் கற்றுக்கொள்ளுங்கள். ஆண்டவர் இனிமையானவர் என்பதைச் சுவைத்துப் பார்க்கத்தான் இன்றைய பதிலுரைப்பாடல் நம்மை அழைத்தது. அந்தச் சுவைக்கு எந்த மருத்துவரும் தடை போட்டதில்லை.

சரி, அத்தனையும் செய்தும் ஒரு வேளை தவறிவிட்டால்? தஞ்சாவூர் தாண்டி யாரோ கொடுத்த இனிப்பைக் கை நீட்டி வாங்கித் தின்றுவிட்டோம் என்றால்? “போச்சு, இனி எதுக்குப் பத்தியம்” என்று அன்றைக்கே மூட்டையை அவிழ்த்துவிடாதீர்கள். எலியா தேவதூதர் கொடுத்த அப்பத்தைத் தின்ற பிறகும் எழுந்து நடக்கவில்லையே! திரும்பப் படுத்துத் தூங்கினார். வானதூதர் அலுத்துக்கொள்ளாமல் இரண்டாம் முறை வந்தார். தவறின அந்த வேளைக்கு அடுத்த வேளையே உங்களுக்கு இரண்டாம் தொடுதல். எழுந்து, மறுபடி அளவோடு உண்ணுங்கள்.

இங்கே மேய்ப்பன் என்ற முறையில் ஒரு காரியத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பத்தியம் வேறு, பட்டினி வேறு. மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன் என்று சொல்லி, சர்க்கரை நோயாளிகள் மாத்திரையைப் போட்டுக்கொண்டோ இன்சுலின் ஊசியைக் குத்திக்கொண்டோ சாப்பிடாமல் நடக்காதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கி, உடம்பு வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழுவீர்கள். அந்த நேரத்துக்கு மட்டும் குளுக்கோஸோ மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ உங்கள் பையில் இருக்க வேண்டும். கூட நடப்பவருக்கும் அது எந்தப் பையில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். திருச்சபைச் சட்டம் நோன்பு நாளாகக் கேட்பது திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும்தான். அதுவும் 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 60ஆம் வயது தொடங்கும்வரை உள்ளவர்களுக்கு. நோயாளியை அது வற்புறுத்துவதில்லை. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கச் சொல்கிற அதே சட்டம், தண்ணீரும் மருந்தும் அதை முறிக்காது என்கிறது. முதியோரும் நோயுற்றோரும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம் என்கிறது. தாயாகிய திருச்சபை இவ்வளவு விட்டுக்கொடுக்கும்போது, நாம் நம் உடம்பிடம் அதைவிடக் கடுமையாக இருப்பது பக்தி ஆகாது. சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவும் வேண்டாம். மரத்துப்போன பாதத்துக்கு முள் குத்தியதுகூடத் தெரியாது. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால், வழியில் நீட்டுகிற இளநீரும் வாழைப்பழமும்கூட ஆகாது. யாத்திரைக்கு முன் மருத்துவரை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இப்போது நோயில்லாத நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. எலியாவுக்கு வானதூதர் கிடைத்தார். நம் யாத்திரிகர்களுக்கு யார் கிடைப்பார்கள்? வேளாங்கண்ணிக்கே ஒரு மரபு உண்டு, சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். அங்கே நடுத்திட்டு என்ற இடத்தில் ஆலமரத்தடியில் வழிப்போக்கர்களுக்கு மோர் விற்றுக்கொண்டிருந்தான் கால் ஊனமான ஒரு சிறுவன். குழந்தையை ஏந்திய தாய் ஒருத்தி அவனிடம் வந்து, தன் குழந்தைக்காகக் கேட்டது ஒரு குவளை மோர். அவன் கொடுத்தான். அவன் கால் நலமடைந்து, அவளுடைய செய்தியைச் சுமந்துகொண்டு நாகப்பட்டினத்துக்கு ஓடினான். மாதா நம்மிடம் கேட்பதும் பெரிய விருந்து அல்ல. வழியில் போகிறவருக்கு ஆகும்படியான ஒரு குவளை. யாத்திரைக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்: சமையல் வண்டியில் உப்பும் காரமும் குறைத்த ஒரு பானை தனியாக ஏற்றுங்கள். டீ போடும் இடத்தில் சர்க்கரை போடாத கேன் ஒன்று இருக்கட்டும். பரிமாறுகிறவர்கள் யாரும், “ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது” என்று சொல்ல வேண்டாம். அதற்குப் பதிலாக, “உங்களுக்கு எது ஆகும்?” என்று கேளுங்கள். ஒவ்வொரு அன்பியத்திலும் இரண்டு பேர், பத்தியம் உள்ள ஒருவரோடு சேர்ந்தே நடந்து, சேர்ந்தே சாப்பிடட்டும். எலியா பணியாளரை விட்டுவிட்டுத் தனியாகப் போனபோதுதான் விழுந்தார் என்பதை மறக்க வேண்டாம்.

நம் மண்ணில் நடந்த ஒரு புனிதரையும் நினைத்துக்கொள்வோம். லிஸ்பனில் பிறந்து, போர்த்துக்கல் அரண்மனையில் இளவரசரின் தோழனாக வளர்ந்தவர் புனித அருளானந்தர். தமிழகத்தில் நற்செய்தி சொல்ல வந்தபோது அவர் இறைச்சியையும் மதுவையும் அறவே விட்டார். நம் துறவிகளைப் போல எளிய மரக்கறி உணவோடு, ஊர் ஊராக நடந்தார். 1693ஆம் ஆண்டு ஓரியூரில் இரத்தம் சிந்தும்வரை அந்த வாழ்க்கையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. நோய்க்காக அவர் அப்படிச் செய்யவில்லை. யாரிடம் போகிறோமோ அவர்கள் தம்மை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற அன்பினால் நாக்கை அடக்கினார். யாருக்காக என்பது தெரிந்துவிட்டால் அடக்கம் பாரமாவதில்லை. உப்புக் குறைத்த கஞ்சியைக் குடிக்கும், என்னிடம் வந்த அந்தத் தாய்க்கு, பக்கத்தில் நின்ற மகளின் முகமே ஓரேபு மலை. அவளுடைய கல்யாணத்தைப் பார்க்க வேண்டும், பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் இந்தக் கோயிலில் நிற்க வேண்டும். உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு முகம் இருக்கும். பையில் பொட்டலத்தோடு அந்த முகத்தையும் கட்டிக்கொள்ளுங்கள்.

விண்ணிலிருந்து இறங்கி வந்த வாழ்வு தரும் உணவு தாமே என்று இயேசு இன்று சொல்கிறார். இன்னும் சற்று நேரத்தில் அவரை வாங்க வரிசையில் வருவீர்கள். உள்ளங்கையில் ஒரு மெல்லிய அப்பம் வைக்கப்படும். அதில் உப்பு இல்லை, இனிப்பு இல்லை. கோதுமையின் பசையம் ஒத்துக்கொள்ளாதவர்கள் அது மிகக் குறைந்த அப்பத்தையோ இரசத்தை மட்டுமோ வாங்கவும் திருச்சபை இடம் தந்திருக்கிறது. சாகும் நேரத்தில் நமக்குத் தரும் கடைசி நற்கருணைக்கு இலத்தீனில் வைத்த பெயருக்கு, பயணத்துக்கான உணவு என்றுதான் பொருள். நம் பாட்டிமார் மொழியில் சொன்னால், கட்டுச்சோறு. வயிறு நிறைய அல்ல, வழி முடிய.

தணலில் சுட்ட அப்பத்தை எலியாவின் தலைமாட்டில் வைத்த அதே ஆண்டவர், நம் யாத்திரிகர் ஒவ்வொருவரின் இலையிலும் அவரவர் தூரத்துக்கு ஏற்றதை வைப்பாராக. அதை முகம் சுளிக்காமல் உண்ணும் மனத்தையும், அடுத்தவருக்கு ஏற்றதைக் கேட்டுப் பரிமாறும் அன்பையும் ஆரோக்கிய அன்னை நமக்குப் பெற்றுத் தருவாராக.

தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே. ஆமென்.